எம்.டெக். பாதிக் கிணறா?

பாளையங்கோட்டையில் பெரியப்பா வீட்டு வாசல் தூணில் ஒரு கருங்கல் பலகை பதித்திருக்கிறது. அதில் ‘முனைவர்’ என்ற சொல்லைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வெட்டியிருப்பார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து நாங்கள் அங்கே போகும்போதெல்லாம், செருப்பைக் கழற்றுகிற சாக்கில் அப்பா அந்தப் பலகையின் முன் ஒரு கணம் நிற்பார். மேல்துண்டால் அதன் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அரிசி ஆலையில் கணக்கு எழுதி எங்களை வளர்த்தவர் அவர். படிப்பு முடிகிற இடம் அந்தக் கல்தான் என்பது சின்ன வயதிலேயே என் மனத்தில் பதிந்துபோனது. பி.இ. ஒரு படி, எம்.டெக். அடுத்த படி, பிஎச்.டி. கடைசிப் படி. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும் அதற்கு முன்பே வந்த கல்லூரிகளும் பள்ளிகளும் நிறைந்த ஊர் அது. தெருவுக்கு இரண்டு பேராசிரியர் வீடாவது இருக்கும். அங்கே போய்வந்து வளர்கிற பிள்ளைக்கு அந்த எண்ணம் தானாக வந்துவிடும்.

என் அக்கா மகள் இப்போது எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. போன தீபாவளிக்கு வந்திருந்தவள், “மாமா, எம்.எஸ்சி.யோடு வேலைக்குப் போகட்டுமா, பிஎச்.டி. முடித்துவிட்டுப் போகட்டுமா?” என்று கேட்டாள். அன்று இரவு மாடியில் வெகுநேரம் பேசினோம். அவளிடம் சொன்னதையும், அப்போது சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் நான். ஒருமுறை பிஎச்.டி.யில் சேர்ந்து ஒன்றரை ஆண்டில் வெளியேறினேன். எம்.டெக். பட்டத்தோடு காற்றாலைத் துறையில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தேன். பிறகு அதே வேலையில் இருந்துகொண்டே மறுபடியும் பதிவு செய்து, இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன்.

2014இல் இயந்திரப் பொறியியலில் பி.இ. முடித்தேன். பொறியியல் மேற்படிப்புச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் நல்ல மதிப்பெண் வந்ததால், வெளிமாநிலத்தில் பேர்பெற்ற ஒரு கல்வி நிறுவனத்தில் எம்.டெக். இடம் கிடைத்தது. கண்ணாடியிழை, கார்பன் இழை போன்ற கூட்டுப்பொருள்கள் பற்றிய படிப்பு. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பி.இ.க்கு வாங்கிய கல்விக் கடன் இருந்தது. அந்தக் கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டு வரையிலும் தவணை கேட்கமாட்டார்கள். ஆனால் வட்டி மட்டும் ஒருநாளும் நிற்பதில்லை. எம்.டெக். இரண்டாம் ஆண்டில் நான் இருந்தபோது வீட்டுக்கு வங்கிக் கடிதம் வந்துவிட்டது. அப்பா அதை எனக்குத் தெரியாமல் ஆலை முதலாளியிடம் முன்பணம் வாங்கிச் சமாளித்தார். மேற்படிப்பைப் பற்றி முடிவெடுக்கிற யாரும் முதலில் வங்கிக்குப் போய், தவணை எந்த மாதம் தொடங்குகிறது, அதுவரை வட்டி எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நான் அதைச் செய்யவில்லை.

2016இல் வளாகத் தேர்வில் இரண்டு நிறுவனங்கள் என்னைக் கழித்துவிட்டன. மூன்றாவது நிறுவனம் எங்கள் துறைக்கே வரவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது பெரியப்பா சொன்னார்: “எம்.டெக்.கோடு நின்றுவிடாதே தம்பி. பாதிக் கிணறு தாண்டுகிறவன் கிணற்றுக்குள்தான் விழுவான்.” அதே வாரத்தில் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர், தன்னிடம் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்குப் பணம் வந்திருப்பதாகவும் ஆள் தேவை என்றும் சொன்னார். மாதம் 25,000 ரூபாய். அவரிடமே பிஎச்.டி.யில் சேர்ந்துவிட்டேன். மழைக்கு ஒதுங்குகிறவன் அது யார் வீட்டுத் திண்ணை என்று பார்ப்பதில்லை.

அந்த ஒன்றரை ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிஎச்.டி.யில் சேர நினைக்கிற பிள்ளைகள் பட்டமளிப்பு நாளை நினைக்கிறார்கள். நடுவில் வருகிற சாதாரண செவ்வாய்க்கிழமையை நினைப்பதில்லை. என் செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கும். காலையில் மின்னணு நுண்ணோக்கிக்கு முன்பதிவு கிடைத்ததா என்று பார்ப்பேன். பெரும்பாலும் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைக்கும். பிசினில் நுண்துகளைக் கலந்து அச்சில் ஊற்றி, ஒருநாள் காத்திருந்து பிரித்தால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கும். அந்த மாதிரித் துண்டு வீண். மறுபடி கலப்பேன். பிற்பகலில் ஆய்வுக் கட்டுரைகள் படிப்பேன். நான் செய்துகொண்டிருப்பதை வேறொரு நாட்டில் ஒருவர் நான்கு ஆண்டுக்கு முன்பே செய்து முடித்திருப்பார். மாலையில் என் துகள் பிசினுக்கு எவ்வளவு வலுக் கூட்டியது என்று ஒரு கோடு வரைவேன். கோடு நேற்றைப்போலவே இருக்கும்.

இதில் எதுவும் குறை இல்லை. ஆய்வு என்ற வேலையே அதுதான். குறை என்னவென்றால், அந்தக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் எனக்கு உண்மையான அக்கறை இருக்கவில்லை. அந்தக் கேள்வி என்னுடையது அல்ல, திட்டத்துடையது. திட்டத்தின் பணம் முடிந்தபோது தலைப்பும் மாறியது. இன்னொரு பொருள், இன்னொரு துகள். அதுவரை செய்ததைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொன்னார்கள்.

எனக்கு அடுத்த மேசையில் நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு அக்கா இருந்தார். கடலோரத்தில் வண்ணப்பூச்சு ஏன் அடியிலிருந்து உரிகிறது என்பதுதான் அவர் கேள்வி. அவருடைய அப்பா படகு வைத்திருந்தவர். ஆண்டுதோறும் படகுக்கு வண்ணம் பூசியதைப் பார்த்து வளர்ந்தவர் அந்த அக்கா. அவருக்கும் அதே நுண்ணோக்கி, அதே மூன்று வாரக் காத்திருப்பு, அதே வீணான மாதிரிகள். ஆனால் ஒரு மாதிரி வீணானால் அது ஏன் வீணானது என்று இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருப்பார். நான் ஐந்தரைக்கு அறைக்குப் போய்விடுவேன். அவர் முடித்துவிட்டு இன்று ஒரு பெரிய வண்ணப்பூச்சு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் ஒரு குழுவுக்குத் தலைவராக இருக்கிறார். அந்தப் பதவிக்கான விளம்பரத்தில் பிஎச்.டி. கட்டாயம் என்றே போட்டிருந்தது. பிஎச்.டி. வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அவரைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல என்னால் முடியாது.

2018 பிப்ரவரியில் ஊருக்கு வந்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று நாள் இருந்தேன். நான்காம் நாள் காலை தாமிரபரணிக்குக் குளிக்கப் போனோம். படித்துறையில் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னேன், தொடர முடியவில்லை என்று. அப்பா கொஞ்சநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “கடனுக்கு மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “அப்படியென்றால் அந்த அளவுக்காவது ஒரு வேலை பார். மற்றதைப் பிறகு பார்ப்போம்” என்றார். கருங்கல் பலகையைப் பற்றி அன்றும் அதன் பிறகும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாதியில் நிற்கிற பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், அந்த ஒரு கேள்வி எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை இரண்டு மாதத்தில் கிடைத்தது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற ஒரு நிறுவனத்தில் பிளேடு பிரிவுப் பொறியாளர். நேர்காணலில் ஒன்றரை ஆண்டு இடைவெளியைப் பற்றிக் கேட்டார்கள். “ஆய்வில் சேர்ந்தேன், அது எனக்கான கேள்வி அல்ல என்று தெரிந்தது, விலகினேன். அந்த ஒன்றரை ஆண்டில் பிசின் வார்க்கவும் குறைகளைக் கண்டுபிடிக்கவும் கற்றேன்” என்றேன். அதற்கு மேல் யாரும் துருவவில்லை. மீதி நேரம் முழுவதும் என் எம்.டெக். ஆய்வேட்டைப் பற்றியே கேட்டார்கள்: இழை அடுக்குகள் எங்கே பிரிந்தன, எப்படிக் கண்டுபிடித்தாய், சரி செய்ய முடியுமா. எம்.டெக். படிப்பவர்கள் ஆய்வேட்டைக் கடைசி நேரச் சடங்காகச் செய்துவிடாதீர்கள். வேலைக்குப் போகிற இடத்தில் அதுதான் உங்களுக்காகப் பேசுகிறது.

தொழில்துறை எந்த வேலைக்கு எந்தப் பட்டத்தைக் கேட்கிறது என்பதை நான் வேலைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. பணகுடியில் நின்று நாலு பக்கமும் பார்த்தாலே போதும். தென்கிழக்கே கடற்கரையில் கூடங்குளம். அணுமின் கழகம் இளம் பொறியாளர்களைக் கேட் மதிப்பெண் வழியாகப் பயிற்சிப் பணிக்கு எடுக்கிறது. அதற்கு பி.இ. போதும். தலைக்கு மேலே மகேந்திரகிரி. இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அங்கே இருக்கிறது. இஸ்ரோ மையங்களின் விளம்பரங்களைப் பார்த்தால், விஞ்ஞானி பொறியாளர் பணியில் ‘எஸ்.சி.’ என்ற படிக்கு பி.இ.யோ எம்.இ.யோ கேட்பார்கள். அதற்கு மேலுள்ள ‘எஸ்.டி.’ என்ற படிக்கு பிஎச்.டி. கேட்பார்கள். ஏழாவது ஊதியக்குழுவின்படி முதல் படியின் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், அடுத்ததற்கு 67,700 ரூபாய். முதல் படியில் சேர்ந்தவர் சில ஆண்டு வேலை பார்த்து மதிப்பீட்டில் தேறினால் அடுத்த படிக்கு உயர்கிறார். ஐந்தாறு ஆண்டு ஆய்வு செய்தவரும், அதே காலத்தை வேலையில் கழித்தவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். இருவரும் வந்த வழிதான் வேறு.

வடக்கே கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் நிறுவனத்தின் சூரிய மின்கல ஆலை, ஆண்டுக்கு 4.3 கிகாவாட் திறன் கொண்டது. இந்த மாதிரி ஆலைகளில் இயந்திர வரிசையை நடத்த டிப்ளமோவும் பி.இ.யும் வேண்டும். ஒவ்வொரு வேதிப்படியிலும் தரம் குறையாமல் பார்த்துக்கொள்ள எம்.எஸ்சி.யும் எம்.டெக்.கும் உதவும். இன்றைய மின்கலத்தைவிடத் திறன் கூடிய அடுத்த தலைமுறை மின்கலத்தை வடிவமைக்கிற இடத்தில்தான் பிஎச்.டி. தேவைப்படுகிறது. அந்த இடம் பெரும்பாலும் ஆலைக்குள் இருப்பதில்லை, நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருக்கிறது. மருந்துத் துறையிலும் இதே கதைதான். உற்பத்திக்கும் தரக்கட்டுப்பாட்டுக்கும் எம்.எஸ்சி. போதும். புதிய மூலக்கூறு தேடுகிற குழுவை வழிநடத்த பிஎச்.டி. கேட்பார்கள். சில்லு (சிப்) வடிவமைப்பிலும் சரிபார்ப்பிலும் எம்.டெக். படித்தவர்கள் நிறையப் பேர். சில்லுக்குள் இருக்கிற சாதனத்தையே புதிதாக உருவாக்குகிறவர்களிடம் பிஎச்.டி. இருக்கும்.

ஆகவே அக்கா மகளிடம் நான் முதலில் சொன்னது இதுதான். பட்டத்தைத் தேர்ந்தெடுக்காதே. ஐந்து வேலை விளம்பரங்களைத் தேர்ந்தெடு. இன்று உனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பத்து ஆண்டில் நீ உட்கார ஆசைப்படுகிற ஐந்து நாற்காலிகள். அவற்றில் எத்தனை பிஎச்.டி.யைக் கட்டாயம் என்கின்றன, எத்தனை ‘எம்.எஸ்சி.யும் இத்தனை ஆண்டு அனுபவமும், அல்லது பிஎச்.டி.’ என்கின்றன என்று பார். இரண்டாவது வகைதான் கூடுதலாக இருந்தால் வேலைக்குப் போ. பிறகு, அந்த நாற்காலிகளில் இப்போது உட்கார்ந்திருக்கிறவர்களைத் தேடிப்பிடித்துப் பேசு. காலையில் அலுவலகம் போனதும் முதல் இரண்டு மணி நேரம் என்ன செய்கிறார்கள் என்று கேள். சம்பளத்தைக் கேட்காதே, அது பிறகு தெரியும்.

பணக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். 2023இலிருந்து, பிஎச்.டி. ஆய்வாளருக்கு முதலில் தருகிற இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000, பிறகு தருகிற முதுநிலை ஆய்வு உதவித்தொகை 42,000. முதல் இரண்டு ஆண்டும் பிறகு மூன்று ஆண்டும் என்று வைத்தால் ஐந்தாண்டில் 24 லட்சம் ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. நான் சேர்ந்த காலத்து 25,000, 28,000 கணக்கில் அதே ஐந்தாண்டுக்கு 16 லட்சம்தான் வந்திருக்கும், ஆகவே நிலைமை மேம்பட்டிருக்கிறது. பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஐந்தாண்டில் 45 லட்சம் வரும், ஆனால் அதற்குத் தேர்வாகிறவர்கள் சிலர்தான். உதவித்தொகையோ ஆய்வு இழுக்கிற அளவுக்கு இழுப்பதில்லை, ஐந்தாண்டோடு நின்றுபோகும். ஆறாவது ஆண்டில் கைக்காசு போட்டு ஆய்வேடு எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறாம் ஆண்டுக்கு எங்கிருந்து பணம் வரும் என்று தெரியாமல் முதல் ஆண்டில் சேரக்கூடாது. தங்கை திருமணம், அப்பாவின் சர்க்கரை வியாதி, வீட்டு மேல்தளம் என்று எத்தனையோ பொறுப்புகள் நமக்கு உண்டு. அவற்றைக் கணக்கில் சேர்ப்பது படிப்புக்கு இழுக்கு என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இனி நான் ஏன் திரும்பப் போனேன் என்பது.

ஆடி மாதம் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று நிற்கவிடாது. மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகளுக்கு அதுதான் அறுவடைக் காலம். அப்போது சுழல்கிற பிளேடின் முனை மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்றை வெட்டுகிறது. அந்த வேகத்தில் ஒரு மழைத்துளியும் மணல்துகளும் கல் எறிந்த மாதிரி. பிளேடின் முன்விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அரிபட்டு, வண்ணம் போய், உள்ளே கண்ணாடியிழை தெரிய ஆரம்பிக்கும். காற்று வழுக்கிப் போகாமல் முரடாக மோதும், மின்சாரம் குறையும். காற்று அடங்கிய பிறகு, அக்டோபருக்கு மேல், ஆட்கள் கயிற்றில் தொங்கியபடி அதைத் தேய்த்து, நிரப்பி, பூசுவார்கள்.

2021 பருவம் முடிந்து நான் படங்களை அடுக்கிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. ஒரே ஆண்டு, ஒரே மாடல் பிளேடுகள். ஓரிடத்தில் இரண்டு பருவத்திலேயே இழை வெளியே வந்துவிட்டது. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் நான்கு பருவம் ஓடியும் பூச்சு அப்படியே இருந்தது. தேரி என்கிற செம்மணல் மேடுகள் பக்கமிருந்து வருகிற மணல்தான் காரணம் என்று முடிவுகட்டி, ஒரு அறிக்கை எழுதி எங்கள் வடிவமைப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே தலைமையில் இருந்தவர் பிஎச்.டி. முடித்தவர். அவர் என்னைப் பாராட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மூன்று கேள்விகள் கேட்டார். இரண்டு இடத்திலும் பூச்சு ஒரே தொகுதியைச் சேர்ந்ததா? எத்தனை பிளேடுகளை வைத்துச் சொல்கிறீர்கள்? மணல் காரணம் இல்லை என்றால் உங்கள் படங்களில் எது வேறு மாதிரி இருந்திருக்கும்?

மூன்றாவது கேள்வி என்னை ஒரு மாதம் தூங்கவிடவில்லை. மணல் காரணம் என்று காட்டுகிற படங்களைத்தான் நான் தேடித் தேடி அடுக்கியிருந்தேன். அதைப் பொய்யாக்கக்கூடிய ஒன்றை நான் தேடவே இல்லை. பிஎச்.டி. என்ன தருகிறது என்பது அந்த மாதம்தான் எனக்குப் புரிந்தது. கூட்டுப்பொருளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்கும் பெரும்பாலும் தெரியும். யாரும் இன்னும் விடை கண்டுபிடிக்காத ஒன்றின் முன்னால் எப்படி நிற்பது என்பதில் அவர் ஆண்டுக்கணக்கில் பழகியிருந்தார். ஏற்கெனவே விடையுள்ள சிக்கலைச் சரியான கருவியால் தீர்ப்பதற்கு எம்.டெக். என்னைப் பழக்கியிருந்தது. தொழிலில் வருகிற சிக்கல்களில் மிகப்பெரும்பாலானவை அந்த வகைதான், ஆகவே ஐந்து ஆண்டும் என் பட்டம் எனக்குப் போதுமானதாக இருந்தது. இந்த ஒன்று மட்டும் வேறு வகை. இது என் கேள்வியாகவும் இருந்தது.

2023 ஜூலையில் பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் தரப்படும், பாடங்களுக்காகத் தேவைப்பட்டால் வேலையிலிருந்து விடுவிப்போம் என்றெல்லாம் அதில் எழுதித்தர வேண்டும். இந்தச் சான்று சுலபமாகக் கிடைத்தது. கிடைக்கத் தாமதமானது வேறொன்று: எந்தத் தரவை ஆய்வேட்டில் எழுதலாம், எதை வெளியிடக்கூடாது என்ற ஒப்புதல். அந்தப் படங்கள் வாடிக்கையாளருடைய காற்றாலைகளின் படங்கள். வேலை செய்யும் இடத்திலிருந்தே ஆய்வுக்கு எடுக்கிறவர்கள் இந்த ஒப்புதலை முதல் மாதத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் போய்க் கேட்டு, மறுக்கப்பட்டு, ஆய்வேட்டின் பாதியைக் கிழித்தெறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது.

நேரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார்கள். காலை நாலரை முதல் ஏழு வரை. வேறு நேரம் எனக்கு இல்லை. சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு என்பது கெடு, ஆகவே 2029 ஜூலைக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு அரையாண்டும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். என் மனைவியின் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் இது ஒரு மாதம்கூட ஓடாது. இதனால் எனக்குச் சம்பளம் கூடும் என்று யாரும் உறுதி தரவில்லை. தராவிட்டாலும் இதைச் செய்வேன்.

ஆய்வுக்கு வழிகாட்டுகிற நெறியாளரைப் பற்றி அக்கா மகளிடம் அழுத்திச் சொன்னேன். எந்தக் கல்வி நிறுவனம் என்பதைவிட யாரிடம் சேர்கிறோம் என்பது பெரிது. அவரிடம் முடித்த கடைசி ஐந்து மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆண்டு ஆனது, பாதியில் போனவர்கள் யாராவது உண்டா? இதை நெறியாளரிடம் கேட்பதைவிட அந்த மாணவர்களிடமே கேட்பது நல்லது. ஐவரும் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள் என்றால், அது நல்ல இடம்தான், ஆனால் தொழில்துறைக்குப் போகிற வழி அங்கே மிதிபட்டிருக்காது. திட்டப் பணம் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது, அது முடிந்தால் தலைப்பு மாறுமா என்றும் கேட்க வேண்டும். நடுவில் நிறுத்த நேர்ந்தால் முதுநிலைப் பட்டத்தோடு வெளியேற வழி உண்டா என்பது, பி.இ. முடித்து நேரடியாக பிஎச்.டி. சேருகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 சதவீதம் வாங்கியவர்கள் முதுநிலை இல்லாமலேயே பிஎச்.டி.க்குப் போகலாம் என்று அதே 2022 விதிகள் சொல்கின்றன. முதுநிலையை மிதிக்காமலே முனைவர் படிப்புக்குப் போகலாம் என்று ஆன பிறகும், இவை ஒரே ஏணியின் படிகள் என்று நாம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் ஆய்வு வழி எம்.எஸ். உண்டு. எம்.டெக்.கைவிட ஆய்வு கூடுதல், பிஎச்.டி.யைவிடக் காலம் குறைவு. அந்தச் சாதாரண செவ்வாய்க்கிழமை நமக்குப் பிடிக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றாலும் கையில் முழுதாக ஒரு பட்டம் இருக்கும். 2016இல் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா மகளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. அதை என்னிடம் நேரே சொல்லாமல் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். பிஎச்.டி. என்றால் திருமணம் எப்போது, குழந்தை எப்போது என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதாம். பெண் ஆய்வாளர்களுக்குக் கெடுவில் இரண்டு ஆண்டு கூடுதலாக உண்டு, மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு என்று விதியிலேயே இருக்கிறது. அதை அச்செடுத்து அவள் கையில் கொடுத்தேன். அக்காவிடமும் அத்தானிடமும் நான் தனியாகப் பேசினேன். அவள் என்ன முடிவெடுத்தாலும் அது படிப்பையும் வேலையையும் பார்த்து எடுத்த முடிவாக இருக்கட்டும், ஊர் கேட்கும் என்பதற்காக எடுத்ததாக இருக்க வேண்டாம் என்றேன். அத்தான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன பொங்கலுக்குப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். பெரியப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நான் மறுபடி பதிவு செய்திருக்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். “என்ன தலைப்பு?” என்று கேட்டார். பிளேடு, மணல், மழைத்துளி என்று அரைமணி நேரம் சொன்னேன். அவர் தமிழிலக்கியத்தில் ஆய்வு செய்தவர். ஆனாலும் நடுவில் நிறுத்தி, “மணல்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் அந்தக் கருங்கல்லைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் இருந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா மகள் ஐந்து விளம்பரங்களை எடுத்துவிட்டாள். மூன்றில் எம்.எஸ்சி.யும் அனுபவமும் போதும் என்று இருக்கிறது. இரண்டில் பிஎச்.டி. கட்டாயம், அந்த இரண்டும் மின்கலன் (பேட்டரி) வேதியியல் தொடர்பானவை. அந்த இரண்டைத்தான் அவள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறாள் என்று அக்கா சொல்கிறாள். பேசவேண்டிய ஐந்து பேரில் மூன்று பேரிடம் பேசிவிட்டாள். நான்காவது ஆள் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு செய்கிற ஒரு பெண். வருகிற வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்திருக்கிறேன். விடியற்காலை பஸ்ஸில் இருவரும் கிளம்புகிறோம்.